வெள்ளி பூசிய நட்டுகள்

மதுரையில் நான் இருந்தது நான்கு நாட்கள். அதில் நாற்பது நிமிடம், என் தம்பி உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் வாடிப்பட்டிக்கு அருகே சாலையோரத்தில் நின்றிருந்தேன். அவன் மலேசியாவில், பகாங் மாநிலத்தில், ஒரு பழைய ராணுவ லாரியின் சக்கரத்துக்கு முன்னால் ஸ்பேனரும் கையுமாகக் குந்தியிருந்தான். அந்தச் சக்கரத்தை ஆளைக் கொல்லும் சக்கரமாக ஆக்கி வைத்தவன் நான். அழகாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் செய்தேன்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர்ப்பலகை எழுதுகிறவன். கடைப் பலகை, கோயில் வளைவு, லாரிக் கதவு, எதுவானாலும் எழுதுவேன், பெயிண்ட் அடிப்பேன். எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் நிறம்தான் கண்ணில் படும், அப்புறம்தான் பொருள். என் மனைவி இதை ஒரு குறையாகவே சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்ள நான் மதுரை வரை போக வேண்டியிருந்தது.

தம்பி குமாருக்கு மலைச்சரிவில் செம்பனைத் தோட்டம், எண்ணெய் எடுக்கிற பனை. சாதாரண லாரி அந்தச் சரிவில் ஏறாது. ஆகவே ராணுவம் கழித்துப் போட்ட பழைய லாரி ஒன்றைப் போன வருடம் ஏலத்தில் எடுத்தான். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. முன் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்க அதில் ஒரு தனிப்பெட்டி உண்டு. அந்தப் பெட்டிக்குள் ஒரு பல்சக்கரம் உடைந்ததும் வண்டி அடிவாரத்திலேயே படுத்துவிட்டது. குலைகள் மேலே மரத்தடியில் கிடந்து அழுக ஆரம்பித்தன. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் கேட்டால், "இதுக்கெல்லாம் சாமான் இல்லை, வண்டியை இரும்புக்குப் போடு" என்றார்கள்.

அப்போதுதான் யாரோ அனுப்பிய வீடியோவில் திருமங்கலத்துக் கருப்பையாவைப் பார்த்தோம். பழைய ராணுவ லாரிகளை வாங்கிப் பழுது பார்த்து, கிரேனாகவும் தண்ணீர் லாரியாகவும் மாற்றிக் கொடுக்கிறவர். படம் பிடித்து அனுப்பினேன். குரல் பதிவில் பதில் வந்தது. "போட்டோவப் பாத்தெல்லாம் அளவு எடுக்க முடியாதுண்ணே. ஒடஞ்ச பல்லையும் சேத்து நேர்ல கொண்டாங்க. அதே மாதிரி வெட்டித் தாரேன்." குமாரால் தோட்டத்தை விட்டு வர முடியாது. எனக்குப் பலகை வேலை அந்த மாதம் மந்தம். உடைந்த பல்சக்கரத்தைக் கைலியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு நான் கிளம்பினேன்.

மதுரை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். கைலியைப் பிரித்த அதிகாரி, "என்ன சார் இது?" என்றார். "பல்சக்கரம்." "எதுல மாட்டுறது?" "ராணுவ லாரியில்." அந்த ஒரு சொல்லை நான் அங்கே சொல்லியிருக்கக் கூடாது. ஒருவர் இருந்த இடத்தில் மூன்று பேர் ஆனார்கள். உடைந்த பல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். கடைசியில் அவர்களில் ஒருவர், "எங்க பக்கம் இந்த மாதிரி வண்டி நெறைய ஓடுது சார், கவுந்த லாரியத் தூக்குறதுக்கு. பாவம், விடுங்க" என்று சொன்ன பிறகுதான் வெளியே வந்தேன். பாவம் என்று சொன்னது என்னையா, பல்சக்கரத்தையா தெரியவில்லை.

ஆட்டோக்காரர், "அண்ணே, சிங்கப்பூரா?" என்றார்.

"மலேசியா."

"ரெண்டும் ஒண்ணுதானண்ணே."

"இல்லை, வேறு வேறு."

"சரிண்ணே, பக்கத்துப் பக்கத்து வீடுன்னு வச்சுக்குவோம்" என்று என்னைச் சமாதானப்படுத்தினார். திருப்பரங்குன்றம் தாண்டியதும் ஆட்டோ நின்றுவிட்டது. அவர் பின்பக்கத்தைத் திறந்து வைத்துத் தன்னுடைய வண்டியைத் தானே திட்டிக்கொண்டிருக்க, நான் மடியில் பெட்டியோடு சுவர் விளம்பரங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாண மண்டபத்துப் பெயரை எழுதியவன் 'ண'வை அவ்வளவு நன்றாக வளைத்திருந்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது.

கருப்பையாவின் பட்டறை திருமங்கலத்துக்கு வெளியே, பருத்திக் காட்டை ஒட்டிய பெரிய காலியிடம். ஆறு லாரிகள் நின்றன. ஒன்றுக்கு முகமே இல்லை. இன்னொன்றின் முதுகில் இரும்புக் கம்பியைச் சுருட்டி இழுக்கும் விஞ்ச் பொருத்திக்கொண்டிருந்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய, கட்டுமஸ்தான ஆள் ஒருவர் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துவிட்டு, வணக்கம் சொல்வதா சல்யூட் அடிப்பதா என்று ஒரு நொடி தயங்கி, வணக்கம் சொன்னார். அவர்தான் கருப்பையா. பதினேழு வருடம் ராணுவத்தின் வண்டிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர்.

பல்சக்கரத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். உடைந்த பல்லைக் கட்டைவிரலால் தடவினார். "சரக்கு ஏத்திக்கிட்டு, வண்டி ஓடையிலயே முன் சக்கரத்தப் போட்டாகளா?"

"தம்பிதான் ஓட்டுவான்."

"நிப்பாட்டிட்டுத்தான் போடணும்னு சொல்லுங்க. இது ஒடையல, ஒடச்சிருக்காரு."

குமார் அப்படிச் செய்கிறவன்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது.

கருப்பையாவின் மனைவி ஜெயந்தி பட்டறைக்குப் பின்னால் வீட்டில் எனக்குச் சாப்பாடு போட்டார். கம்மங்கூழும் வெங்காயமும் சுண்டவத்தலும் கேட்டால் கிடைக்கும் என்று நினைத்து வந்தவனுக்கு அயிரை மீன் குழம்பு. "மலேசியாவுல சோறுதானா, ரொட்டியா?" என்று கேட்டார். காலையில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறும் நெத்திலியும் சாப்பிடுவோம் என்றேன். "காலையிலயே சோறா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அவர் மகனுக்குக் காலையில் ஆறு பரோட்டா போடுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் பல்சக்கரம் வெட்டும் வேலை மதுரை நகரத்துக்குள் ஒரு லேத் பட்டறையில் நடந்தது. வைத்திருந்தவரை எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டுக்கொண்டு, பழைய பற்களை ஒவ்வொன்றாக அளந்து, சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதினார். "இன்ஷா அல்லா நாளன்னைக்குக் காலையில தந்துருவேன். அவசரப்படுத்துனா பல்லு கெட்டியாகாது. சூடு காட்டி ஆற விடணும்" என்றார். அவசரப்படுத்துகிற முகம் எனக்கு இருந்திருக்க வேண்டும்.

காத்திருக்கிற நேரத்தில் நகரத்தில் நடந்தேன். மதுரையில் சாலையைக் கடப்பது ஒரு தனிக் கலை. வண்டிகளைப் பார்த்து நிற்கக் கூடாது. நின்றால் இவன் கடக்க மாட்டான் என்று முடிவு செய்து இன்னும் வேகமாக வருகிறார்கள். ஒரு பெண்மணி கையில் காய்கறிப் பையோடு கையைக் கூடக் காட்டாமல் நடந்து போனார், நான் அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கடந்தேன். அவர் திரும்பி, "எதுக்குய்யா பின்னாடியே வர்ற?" என்றார். பரோட்டாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அதையே வேறு பெயரில், கிட்டத்தட்ட காகிதம் போல, பருப்புக் குழம்போடு சாப்பிடுகிறோம். இங்கே பிய்த்துப் போட்டு, குழம்பை ஊற்றி முக்கிவிடுகிறார்கள். இரண்டில் எது உசத்தி என்று எழுதினால் என்னால் இரண்டு நாட்டிலும் நுழைய முடியாது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குமார் கூப்பிட்டான்.

"அண்ணே, புது டயரு வந்துருச்சி. நாளைக்குக் குலை வெட்டி முடிச்சிட்டுப் பகல்ல நானே கழட்டிறப் போறேன்."

"டயர்க்கடைக்காரரைக் கூப்பிடேன்."

"அவரு மக வீட்டுக்குப் போயிட்டாரு, ரெண்டு வாரம் ஆவும். சும்மா நட்டுதானே, கழட்ட மாட்டேனா? நீ வர்றதுக்குள்ள சக்கரமெல்லாம் தயாரா இருக்கும், வந்ததும் பல்லு மாட்டுனா வேலை முடிஞ்சிச்சி."

"நல்லது, செய்" என்றேன். அந்த இரண்டு சொல்லையும் இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

அன்று பிற்பகல் பட்டறைக்குத் திரும்பியபோது எனக்குப் பொழுது போகவில்லை. விஞ்ச் வைத்த லாரியை வாடிப்பட்டியில் ஒருவருக்கு மறுநாள் ஓட்டிக் காட்டுவதாக இருந்தது. உடம்பெல்லாம் புதுப் பச்சை, ஆனால் சக்கரத்தைப் பார்த்தால் எனக்குக் கண் உறுத்தியது. தட்டின் வெளி வட்டத்தில் இருந்த நட்டுகளுக்கு மட்டும் சிவப்பு அடித்திருந்தார்கள், அதுவும் தெறித்து வழிந்து. உள் வட்டத்து நட்டுகள் கறுப்பு. ஒரு டப்பா வெள்ளிப் பெயிண்ட் கிடந்தது. தூரிகையை எடுத்தேன்.

"அண்ணே! வீல்ல கை வைக்காதீங்க!"

கருப்பையா அப்படிக் கத்துவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தூரிகையைக் கீழே வைத்தேன். விருந்தாளியாக வந்த இடத்தில், அதுவும் என் தொழிலில், ஒருவர் என்னை அதட்டியது எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை. அவரும் அதற்குள் யாரோ கூப்பிட மறுபக்கம் போய்விட்டார். கேட்டிருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். எனக்கு மூக்கின் நுனியில் கோபம், அது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் காலை, பேசாத முகத்தோடுதான் அவர் லாரியில் ஏறினேன். உயரமான இருக்கை, கண்ணாடிக்கு வெளியே தென்னந்தோப்புகளும் வயலும். சத்தத்தில் பேச முடியாது என்பது எனக்கு வசதியாக இருந்தது. வாடிப்பட்டிக்கு நான்கைந்து கிலோமீட்டர் இருக்கும்போது பின் சக்கரம் ஒன்று பஞ்சராகி வண்டி ஒரு பக்கம் இழுத்தது. கருப்பையா ஓரமாக நிறுத்தினார். பக்கத்திலேயே ஒரு பஞ்சர்க் கடை. எதிரே ஒரு வேனில் மேளக்காரர்கள் கல்யாணத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

பஞ்சர்க் கடைக்காரர் உதவிக்கு வந்தார். கருப்பையா ஜாக்கியை எடுக்கப் பின்னால் போன நேரத்தில், அந்தக் கடைக்காரர் குந்தி உட்கார்ந்து, சக்கரத்தின் வெளி வட்டத்தில் இருந்த ஒரு சிவப்பு நட்டில் ஸ்பேனரைப் பொருத்தினார். டயர் முழுதாக இறங்கியிருக்கவில்லை. பாதிக் காற்று இருந்தது.

கருப்பையா ஜாக்கியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவருடைய தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள்.

"செவப்பத் தொடாத! செவப்பத் தொடாதன்னு எழுதியா ஒட்டணும்?"

"ஏண்ணே, என்னாச்சுண்ணே?" பஞ்சர்க் கடைக்காரர் பயந்துபோய்க் கேட்டார்.

கருப்பையா மூச்சு வாங்கிக்கொண்டே எங்கள் இருவருக்கும் சொன்னார். "இந்தச் சக்கரம் ஒரே தட்டு கெடையாது. ரெண்டு தட்ட நடுவுல டயர வச்சு முடுக்கியிருக்கு. உள்ள இருக்கிற கருப்பு நட்டு, சக்கரத்த வண்டியோட சேக்குறது. அத எப்ப வேணா கழட்டலாம். வெளிய இருக்கிற செவப்பு நட்டு, ரெண்டு தட்டையும் சேக்குறது. உள்ள காத்து இருக்கையில அதக் கழட்டுனா, தட்டு அப்படியே பிச்சுக்கிட்டு மூஞ்சிக்கு நேரா வரும். எங்க பட்டறையில ஒருத்தன் அப்படித்தான் கழட்டுனான். தட்டு தகரக் கூரையப் பொத்துக்கிட்டுப் போச்சு."

"அந்த ஆளு?" என்றேன்.

"ஆளப் பத்திக் கேக்காதீங்கண்ணே. அதுக்குத்தான் செவப்பு. ராணுவத்துல எந்த நாட்டு வண்டிய எடுத்தாலும் அந்த வட்டம் செவப்பாத்தான் இருக்கும். அத அழிக்கக் கூடாதுன்னுதான் நேத்து ஒங்களக் கத்திட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

அவர் பேசிக்கொண்டே டயரின் வால்வுக்குள் இருந்த சின்ன ஊசியைக் கழற்றினார். காற்று முழுதும் போகும்வரை கையை வைத்துப் பார்த்தார். ஊசியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். சக்கர வேலை முடிகிறவரை அது அவர் பையில்தான் இருக்கும், அவரைக் கேட்காமல் யாரும் அந்தச் சக்கரத்தில் காற்று அடிக்க முடியாது. அதுதான் அவர் வழக்கம்.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.  குமாரின் லாரி வந்த புதிதில் அதன் சக்கரத்திலும் வெளி வட்டத்தில் கொஞ்சம் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ ரசனை இல்லாதவன் அடித்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து சுரண்டினேன். முதல் பூஜைக்குக் கோயில் வாசலில் நிறுத்துவதற்கு முன், எல்லா நட்டுக்கும் ஒரே மாதிரி வெள்ளி அடித்தேன். ஒன்று கூட வழியாமல்.

மணி பார்த்தேன். இங்கே ஒன்பதரை. அங்கே பகல் பன்னிரண்டு.

குமாருக்குப் போன் போட்டேன். மணி அடிக்கவே இல்லை, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று மலாயில் ஒரு பெண் குரல் சொன்னது. தோட்டத்தில் மேல் பக்கம் போனால் சிக்னல் கிடைக்கும், லாரி நிற்கும் அடிவாரத்தில் அவன் போனுக்குக் கிடைக்காது. 'சக்கரத்தைத் தொடாதே' என்று மெசேஜ் அனுப்பினேன். ஒற்றை டிக். அவன் மனைவி மாலாவுக்குப் போட்டேன். அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிகிறவரை போனைப் பெட்டியில் பூட்டி வைத்துவிடுவார்கள். திரும்ப குமாருக்குப் போட்டேன். மறுபடி அந்தப் பெண் குரல்.

"என்னண்ணே?" என்றார் கருப்பையா.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் முகம் மாறியது மட்டும் நினைவிருக்கிறது. "எத்தன மணிக்குக் கழட்டுறேன்னாரு?"

"பகல்."

"அங்க இப்பப் பகலுதானா?"

"ஆமாம்."

"பக்கத்துல வேற யாரு இருக்காக? யோசிங்கண்ணே. வெரசா யோசிங்க."

அப்போதுதான் பாக் மாட் நினைவுக்கு வந்தார். மலையடிவாரச் சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மலாய்க்காரர். கடையிலிருந்து தோட்டம் மோட்டார் சைக்கிளில் பதினைந்து நிமிடம், மழை பெய்திருந்தால் இன்னும் கூட. அவர் நம்பர் என்னிடம் இல்லை. ஆனால் அவர் கடைப் பலகையை எழுதியவன் நான். பலகையின் அடியில் அந்த நம்பரை என் கையால் எழுதியிருக்கிறேன், அதன் படம் என் போனில் இருந்தது. தேடி எடுப்பதற்குள் விரல் நூறு இடத்தில் பட்டு வழுக்கியது.

எதிரே மேளக்காரர்கள் வேனில் ஏறுவதற்கு முன் ஒரு தடவை வாசித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். வாடிப்பட்டி மேளம் தெரியாதவர்களுக்கு அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது. நெஞ்சுக்குள் அடிப்பது அதுவா, என் இதயமா என்று தெரியவில்லை. கருப்பையா சாலையைக் கடந்து ஓடி, இரண்டு கையையும் தூக்கி, "யப்பா, ஒரு உசுரு விசயம், செத்த நிப்பாட்டுங்கப்பா" என்று கெஞ்சினார். சட்டென்று நின்றது. அவர்கள் எல்லோரும் அப்படியே எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பாக் மாட் எடுத்தார். பகல் சாப்பாட்டு நேரம், பின்னால் தட்டுச் சத்தம். "சந்திரன்! இந்தியாவில் என்ன சாப்பிடுகிறாய்?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார்.

"பாக் மாட், குமார் லாரிச் சக்கரத்தைக் கழற்றுகிறான். அது வெடிக்கும். இப்போதே போங்கள். கத்திக்கொண்டே போங்கள். அவனைச் சக்கரத்துக்கு முன்னாலிருந்து இழுத்துவிடுங்கள்."

ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. "போகிறேன்" என்றார். யாரையோ கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது கேட்டது. அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டதும் இணைப்பு கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது, மோட்டார் சைக்கிள் கிளம்பியது கேட்டது, அப்புறம் அறுந்தது.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. பஞ்சர்க் கடைக்காரர் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை. யாரோ டீ கொடுத்தார்கள், கையில் வைத்திருந்தேன், ஆறிப்போனது. மேளக்காரர்கள் கல்யாணத்துக்கு நேரமாகியும் போகவில்லை. அவர்களில் ஒருவர் கருப்பையாவிடம், "யாரு மாப்ள?" என்று தாழ்ந்த குரலில் கேட்பதும், "மலேசியாக்காரு. தம்பி" என்று அவர் சொல்வதும் கேட்டது. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒற்றை டிக்.

குமாருக்கும் எனக்கும் எட்டு வருடம் வித்தியாசம். அப்பா போனபோது அவனுக்குப் பத்து வயது. அவனைத் திட்டியது, அடித்தது, அவன் கல்யாணத்தில் நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் வந்தது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நல்லதாக எதுவும் நினைவுக்கு வரவில்லை. கடவுளிடம் கேட்கலாம் என்றால், அந்த லாரியை வெள்ளி அடித்துக் கொண்டுபோய் நிறுத்தியதே அவர் வாசலில்தான்.

பத்தேகால் ஆகப் போகும் நேரம், போன் அடித்தது. பாக் மாட் நம்பர், அது வேறு கம்பெனி, அடிவாரத்திலும் சிக்னல் எட்டும். பேசியது குமார்.

"அண்ணே, என்னாண்ணே? இவரு வந்து சட்டையப் புடிச்சி இழுத்து, கீழ தள்ளி..."

நான் வாய் திறப்பதற்குள்  கருப்பையா போனை என் கையிலிருந்து வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, நான் திருமங்கலம் கருப்பையா. எத்தன நட்டு கழட்டியிருக்கீக?"

"அஞ்சி கழட்டிட்டேன். மீதி இருக்கு. பெயிண்ட் புடிச்சிக்கிச்சி, பைப்பு போட்டுத்தான் திருப்ப வேண்டியதா இருந்திச்சி."

"உள் வட்டமா, வெளி வட்டமா?"

"வெளி."

கருப்பையா கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். "டயர்ல காத்து?"

"ஃபுல்லா இருக்கு."

"சரி. நான் சொல்றதக் கேளுங்க. இப்ப அந்த நட்டத் திருப்பி முடுக்கவும் வேணாம், கழட்டவும் வேணாம். ரெண்டு பேரும் அங்கிட்டு தள்ளிப் போங்க. சக்கரத்துக்கு நேரா யாரும் நிக்கக் கூடாது. அங்க நீளமா ஏதாச்சும் கம்பு இருக்கா?"

"குலை வெட்டுற கொக்கிக் கம்பு இருக்கு. இருவது அடி."

"அம்புட்டுத்தான், வேற என்ன வேணும். ஒரு மரத்துக்குப் பின்னாடி நின்னுக்கங்க. பக்கவாட்டுல இருந்து கொக்கிய வால்வுல மாட்டி, வெடுக்குனு இழுத்து ஒடிங்க. ட்யூப் போனாப் போகுது. மூஞ்சிய நீட்டிப் பாக்காதீங்க."

போனைக் கீழே எங்கோ வைத்தார்கள். இலைகள் உரசும் சத்தம். இரும்பில் இரும்பு படும் சத்தம். "விட்டுப்போச்சி" என்று குமார் சொன்னது தூரத்தில் கேட்டது. மறுபடி இரும்பு. மறுபடி ஒன்றுமில்லை. பஞ்சர்க் கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை. மூன்றாவது தடவை ஒரு 'டக்', அதைத் தொடர்ந்து சீறல். பாம்பு மாதிரி நீளமாக, நிற்காமல். வாடிப்பட்டிச் சாலையில் பத்துப் பதினைந்து பேர் தலையைக் குனிந்து, பகாங்கில் ஒரு டயரில் காற்று இறங்குவதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். அது மெலிந்து மெலிந்து, விட்டு விட்டு வந்து, நின்றது.

"எறங்கிருச்சிண்ணே" என்றான் குமார்.

மேளக்காரர்களில் ஒருவர் தவிலில் ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு வேனில் ஏறினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இல்லை.

பிறகு போனை வாங்கிச் சொன்னேன். "அந்தச் சிவப்பைச் சுரண்டினவன் நான்தான்டா. நான்தான் வெள்ளி அடிச்சேன்."

"தெரியுமே. பக்கத்துல நின்னு நல்லாருக்குன்னு சொன்னவன் நான்தானே" என்றான்.  பின்னால் பாக் மாட், கடையில் மீன் கருகியிருக்கும் என்று புலம்புவது கேட்டது.

சக்கரத்தைச் சரிசெய்து, வாடிப்பட்டியில் வண்டியைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது கருப்பையா கேட்டார். "அண்ணே, ஒங்க ஊர்ல இந்த மாதிரி வண்டி தம்பிகிட்ட மட்டுந்தான் இருக்கா?"

சாதாரணமாகத்தான் கேட்டார்.  குமாரின் லாரி பூஜைக்கு நின்ற அன்றே மூன்று பேர், "எங்க வண்டிக்கும் இதே மாதிரி அடிச்சிக் குடு" என்றார்கள். அப்புறம் இன்னும் இரண்டு பேர். ஐந்து லாரி. ஐந்திலும் சிவப்பைச் சுரண்டி வெள்ளி அடித்திருக்கிறேன். நன்றாக இருக்கிறது என்று ஐந்து பேரும் சொன்னார்கள்.

அந்தக் கேபினுக்குள்ளேயே, சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் தனக்கு முன்பே தெரியும் என்று சொல்லிவிட்டு, எந்த வட்டம் என்று கேட்டார். ஒருவர் பயந்து அன்றே சிவப்பு வாங்கப் போவதாகச் சொன்னார். நான்காமவரின் மனைவி எடுத்துக் குறித்துக்கொண்டார். ஐந்தாமவர் லெட்சுமணன். "அந்த வண்டியா? அத நாலு மாசத்துக்கு முன்னாடியே தரகர் மூலமா வித்துட்டேனே. யாரு வாங்குனான்னு தெரியாது. கிளந்தான் பக்கம் போச்சின்னு சொன்னாங்க" என்றார்.

நான்காம் நாள் பாய் பல்சக்கரத்தைத் தந்தார். நீலம் பாய்ந்து, சூடு காட்டிய நிறத்தில், பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. அது இப்போது குமாரின் வண்டியில் ஓடுகிறது, குலைகள் இறங்குகின்றன. அவன் சக்கரத்தின் வெளி வட்டத்துக்கு நானே சிவப்பு அடித்தேன். மற்ற நால்வருக்கும் போய் அடித்துக் கொடுத்தேன், முன்பே தெரியும் என்று சொன்னவருக்கும் சேர்த்து.

லெட்சுமணன் விற்ற வண்டியின் பதிவெண் எனக்குத் தெரியாது, தாள்களையெல்லாம் தரகரிடம் கொடுத்துவிட்ட அவருக்கும் நினைவில்லை. தரகரும் ஊரில் இல்லை. நான் வடக்கே கிளந்தான் மாநிலத்துக்கு இரண்டு தடவை போய்வந்தேன், மரம் ஏற்றும் இடங்களில் எல்லாம் கேட்டேன். வண்டியின் அடையாளம் இவ்வளவுதான் சொல்ல முடியும். கரும்பச்சைக் கேபின். கதவில் மஞ்சள் எழுத்தில் 'முருகன் துணை', 'ணை' கொஞ்சம் பெரியது. சக்கரங்களில் எல்லா நட்டும் ஒரே வெள்ளி, பளபளவென்று, ஒன்று கூட வழிந்திருக்காது. இதைப் படிக்கிற யாராவது அதைப் பார்த்தால், ஓட்டுகிறவரைத் தடுத்து நிறுத்தி, வெளி வட்டத்தைத் தொடுவதற்கு முன்னால் காற்றை இறக்கச் சொல்லுங்கள்.